கண்டிப்பிலும் சரிபங்கு

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டமொன்றில் விவசாயத் தம்பதியர் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பழக்கமில்லாத எங்கள் இருவரையும் அழைத்து, எங்கள் வீட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். நாங்கள் நிலக்கடலையும் கம்பும் பயிரிடும் மானாவாரி விவசாயிகள். எங்களுக்கு ஆண் மக்கள் இருவர், கடைக்குட்டி பெண். அவளுக்கு வயது பத்து. அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை அளவோடு நின்றுவிட்டது. பிறவியிலேயே அப்படி. வீட்டில் அதைச் 'சின்னக் கை' என்று அழைக்கிறோம்.

அவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?" என்பதே. அக்கேள்வி பெற்றவள் மனத்தை ஓராண்டுக் காலம் அரித்தது. பின்னர் மருத்துவர் விளக்கினார். கரு உண்டான நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்திற்குள் கை கால்கள் உருப்பெற்றுவிடுகின்றன. தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறியும் முன்பே அவ்வேலை தொடங்கிவிடுவதும் உண்டு. இத்தகைய குறைக்குப் பல குழந்தைகளிடத்தில் காரணம் கண்டறிய இயலுவதில்லை. கிரகணத்திற்கும் இதற்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை என்றார். உங்கள் ஊரில் இப்படியொரு குழந்தை பிறந்தால், அத்தாயிடம் கிரகணப் பேச்சை எடுக்காதிருப்பதே நீங்கள் செய்யும் முதல் உதவி.

குழந்தை வளர வளர, தன் காரியத்திற்குத் தானே வழி கண்டாள். கடலைக் கொடியைக் கால் விரல்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு வலக்கையால் காய் பறிப்பாள். சாப்பாட்டு டப்பாவை முழங்கால்களுக்கிடையில் வைத்துத் திறப்பாள். நோட்டுப் புத்தகம் நகராதபடி சின்னக் கையால் அழுத்திக்கொண்டு எழுதுவாள். செயற்கைக் கை ஒன்றும் வாங்கிப் பொருத்தினோம். அதை வைக்கோற்போரில் ஒளித்துவிட்டாள். மருத்துவரிடம் வருத்தத்தோடு சொன்னபோது அவர் சிரித்தார். "சின்னக் கையின் தோலுக்குத் தொடுவுணர்ச்சி உண்டு, செயற்கைக் கைக்கு அது இல்லை. முழங்கைக்குக் கீழே குறையுள்ள குழந்தைகள் பலர் அதை ஒதுக்கிவிடுவதுண்டு. அவள் விருப்பத்திற்கே விடுங்கள்" என்றார். சைக்கிள் ஓட்ட வேண்டுமென்று அவள் அடம் பிடித்தபோது, சைக்கிள் கடைக்காரர் இடப்பக்கத்துப் பிரேக் பிடியையும் வலப்பக்கத்திற்கு மாற்றிக் கொடுத்தார். அரை நாள் வேலைதான். அன்று முதல் அவளைப் பிடிக்க எங்களால் முடியவில்லை.

இவ்வளவும் கண்ட பின்னரும் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லவே இங்கு வந்தோம்.

அவளுக்கு எட்டு வயதானபோது அம்மன் கோயில் முளைப்பாரி வந்தது. ஊர்ப் பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கும்மி கொட்டினர். இவளும் பாவாடையைச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். "கை கொட்ட இயலாத பிள்ளைக்குக் கும்மி எதற்கு? ஓரமாக நிற்கட்டுமே" என்றது ஒரு குரல். நாங்கள் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். மாறாக, நாலு பேர் சிரிக்கக்கூடுமே என்று அஞ்சி, அவள் தோளைப் பிடித்து நாங்களே நிறுத்திவிட்டோம். அவள் அழவில்லை. அன்றிரவு எங்களோடு பேசவுமில்லை.

மறு ஆண்டு, சிறுவர் ஐவர் சேர்ந்து ஒரு பெரியவரின் கொய்யாத் தோப்பில் புகுந்தனர். அவர்களுக்குத் தலைமை எங்கள் மகள்தான்! பெரியவர் ஐவரையும் பிடித்துக்கொண்டார். நால்வரும் ஆளுக்குப் பத்துக் குடம் தண்ணீர் கன்றுகளுக்கு ஊற்ற வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. இவளைப் பார்த்து மட்டும், "பாவம், நீ வீட்டுக்குப் போம்மா" என்றார். அவர் நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. "முதலில் மரம் ஏறியவள் நான். எனக்கு மட்டும் ஏன் தண்டனை இல்லை?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. கும்மியில் இடமில்லை என்றபோது மறுக்கப்பட்டதும், தண்டனை இல்லை என்றபோது மறுக்கப்பட்டதும் ஒன்றே என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. இரண்டிலும் ஊர்ப் பிள்ளைகளின் வரிசையிலிருந்து அவளை வெளியே எடுத்து வைத்தோம்.

மறுநாள் அவளைத் தோப்புக்கு அழைத்துச் சென்றோம். பெரியவர் தயங்கினார், பிறகு குடத்தைக் காட்டினார். குடத்தை வலது இடுப்பில் ஏற்றி, வலக்கையால் அணைத்து, பத்து நடை நடந்தாள். ஒன்பதாவது குடத்தில் அவர் "போதும்" என்றார். "பத்து என்றீர்களே, தாத்தா!" என்று பதில் வந்தது. அவ்வாண்டு முளைப்பாரியில் அவள் வட்டத்திற்குள் நின்றாள். வலக்கையால் சின்னக் கையின் மேல் தட்டினாள். ஓசை சற்று அடங்கித்தான் கேட்டது, தாளம் தவறவில்லை.

சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். ஜம்மு பகுதியின் மலைக் கிராமத்தில் இரு கைகளும் இன்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, காலால் வில்லைத் தாங்கி அம்பெய்து, 2024இல் பாரிஸில் வெண்கலம் பெற்றார். சிறு வயதில் அவர் மரம் ஏறி விளையாடிய பிள்ளை. எல்லாக் குழந்தைகளும் பதக்கம் வாங்க வேண்டுமென்பதில்லை. மரம் ஏற அவர்களை விட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இனி, ஊராட்சி செய்யக்கூடியவை சில. முதலாவது, பட்டப்பெயர். ஊனத்தைச் சொல்லி அழைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இழிவுபடுத்தும் நோக்கோடு பொதுமக்கள் பார்வையில் ஒருவரை அவமதிப்பது 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் வரை போக வேண்டாம். கிராம சபையில் ஒருமுறை எடுத்துச் சொன்னாலே போதும். இரண்டாவது, பள்ளி. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான குழந்தைக்கு இலவசக் கல்வி பெறும் உரிமையை அதே சட்டம் தருகிறது. அடையாள அட்டைக்கு வழி தெரியாத பெற்றோரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு உறுப்பினர் ஒருவர் உடன் அழைத்துச் சென்றால் பெரும் உபகாரம். மூன்றாவது, ஊராட்சியின் வேலைகள். குடிநீர்க் குழாயை ஒரு கையால் திறக்க முடிகிறதா, நூலகப் படியில் பிடிமானம் உண்டா என்று, திட்டம் போடும்போதே பார்க்க வேண்டும். பின்னால் இடித்துக் கட்டுவதைவிட அது செலவு குறைவு. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025இல் வகை செய்தது. அவர்களைக் கேட்டாலே இத்தகைய விஷயங்கள் தெளிவாகும்.

இங்கு புறப்படும்போது மகள் கேட்டாள், "என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று. "கொய்யாக் கதைதான்" என்றோம். "பத்துக் குடம் என்று சரியாகச் சொல்லுங்கள்" என்றாள்.

சொல்லிவிட்டோம்.