இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்டால்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை)

வாசலில் நிற்பவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இது பொம்பளைங்க பேச்சு என்று நினைக்க வேண்டாம். இன்றைக்குச் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

மலையில் கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து, கூடையை வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

தலைப்பிள்ளை என்றால் லயமே கூடி நிற்கும். கிளினிக்குக் கூட்டிப் போக ஆள் இருக்கும். பக்கத்துக் காம்பரா அக்காவிலிருந்து ஊரில் இருக்கும் பெரியம்மா வரை புத்தி சொல்லுவாங்க. இரண்டாவது பிள்ளை என்றதும் அந்தக் கூட்டத்தைக் காணோம். "அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் அப்படித்தான் நினைக்கிறாள். நாலு மாதம், ஐந்து மாதம் போன பிறகுதான் மிட்வைப் அம்மாவிடம் பெயர் பதிய வருகிறாள். தலைப்பிள்ளையைப் பெற்ற அனுபவம் பெரிய உதவிதான், இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் இரண்டாவது பிரசவம் முதல் பிரசவம் மாதிரியே நடக்காது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

என்ன வித்தியாசம்? முதலாவது, நேரம். பிள்ளை வெளியே வர கர்ப்பப்பையின் வாய் 10 சென்ரிமீற்றர் அளவு திறக்க வேண்டும். முதல் பிள்ளைக்கு அந்த வாய் முதலில் மெலிய வேண்டும், பிறகுதான் திறக்கும். ஒரு ராத்திரி, ஒரு பகல் என்று இழுப்பது அதனால்தான். ஒருமுறை பிள்ளை பெற்றவளுக்கு மெலிவதும் திறப்பதும் கூடவே நடக்கும். தசைகளும் இளகி இருக்கும். அதனால் முதலில் 12 மணித்தியாலம், 16 மணித்தியாலம் கிடந்தவளுக்கு அடுத்த பிள்ளை பல வேளைகளில் பாதி நேரத்தில் வந்துவிடும். சிலருக்கு மூன்று, நாலு மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும். முக்குகிற நேரமும் அப்படித்தான். தலைப்பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் முக்கினவள் இப்போது நாலைந்து வலியிலேயே பெற்றுவிடலாம்.

கேட்க நல்ல செய்திதான். நம்ம தோட்டத்தில் அதுவே ஆபத்தாகவும் வந்து நிற்கிறது. லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க அரை மணித்தியாலம். ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, மழையும் மூடுபனியும் இல்லாவிட்டால், ஒரு மணித்தியாலம். வாகனம் தேடுகிற நேரம் வேறு. "முதப் புள்ளைக்கு விடிய விடியக் கெடந்தா, இதுக்கும் நேரம் இருக்கு, கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்" என்று மாமியார் சொல்லுவார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கண்டது அது. கணக்குத்தான் இந்த முறை தப்பிப் போகும்.

இன்னொன்று, வயிறு இறங்குவது. தலைப்பிள்ளையில் கடைசி இரண்டு, மூன்று கிழமைக்கு முன்னாலேயே பிள்ளையின் தலை இடுப்புக் கூட்டுக்குள் இறங்கிவிடும். பார்த்தவர்கள் "வயிறு எறங்கிருச்சு" என்பார்கள். இரண்டாவது பிள்ளையில் வலி தொடங்கும்வரை தலை இறங்காமலே இருக்கலாம். ஆகவே வயிறு இறங்கவில்லை, இன்னும் நாள் இருக்கிறது என்று மலைக்குப் போக வேண்டாம்.

பொய்வலியும் இந்த முறை முன்னாலேயே காட்டும். வயிறு கல் மாதிரி இறுகும், விடும். எழுந்து நடந்தாலோ, தண்ணீர் குடித்துவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்தாலோ அது அடங்கிவிடும். மெய்வலி அடங்காது. இடுப்பின் பின்பக்கம் தொடங்கி முன்னால் சுற்றி வரும். போகப்போக நேரம் நெருங்கும், வலி கூடும். சளியும் இரத்தமும் கலந்து படும். மணிக்கூடு பாருங்கள். தலைப்பிள்ளைக்காரியிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்கிறபோது புறப்படச் சொல்லுவோம். இரண்டாவது பிள்ளைக்காரி, அதுவும் ரோட்டுக்குத் தூரத்தில் இருப்பவள், பத்து நிமிடத்துக்கு ஒரு வலி வரும்போதே புறப்பட்டுவிட வேண்டும். பொய்வலியாக இருந்து திரும்பி வந்தால் வெட்கமில்லை. பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் உடனே போங்கள். தண்ணீர் பச்சையாகவோ, இரத்தமாகவோ போனால், பிள்ளை துடிப்பது குறைந்தால், தலை வெடிக்கிற மாதிரி வலித்தால், கண் மங்கினால், வலிப்பு வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

மேற்பிரிவுத் தாய் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு மலையிலேயே இடுப்பு கடுத்தது. பேர் போய்விடுமே என்று மத்தியான நிறுவை வரை கொழுந்தெடுத்தார். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர் ஊற்றிக் குளித்து, மூத்த பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் புருஷனுக்கு ஆள் அனுப்பினார். முச்சக்கர வண்டி மூன்றாவது வளைவு தாண்டவில்லை, பிள்ளை வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். அதற்குக் காரணம் கூட இருந்த மாமியார். அந்த அம்மா பதறவில்லை. பிள்ளையை இழுக்கவில்லை, வந்ததைக் கையில் ஏந்தினார். சுத்தமான துணியால் தலையையும் உடம்பையும் துடைத்து, ஈரத்துணியை எறிந்துவிட்டு, தாயின் வெறும் நெஞ்சிலே பிள்ளையைப் போட்டு, இரண்டு பேரையும் கம்பளியால் மூடினார். கொடியை வெட்டவில்லை, கட்டவில்லை, பிடித்து இழுக்கவில்லை. நஞ்சு தானாக விழுந்தபோது அதை ஒரு பையில் போட்டு பிள்ளையோடேயே வைத்துக்கொண்டார். வழியிலேயே பால் குடிக்க வைத்தார். பிள்ளை சப்பினால் கர்ப்பப்பை சுருங்கும், இரத்தம் குறையும். வண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. நம்ம குளிரில் ஈரத்தோடு கிடக்கும் பச்சைப் பிள்ளைக்குக் குளிரே முதல் எதிரி. துருப்பிடித்த பிளேட்டும், தொப்புளில் வைக்கும் சாம்பலும் எண்ணெயும் அடுத்த எதிரிகள்.

அப்படி வழியில் நடக்காமல் பார்ப்பதுதான் நல்லது. எட்டாம் மாதத்திலேயே புருஷன்மார் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. எந்த வண்டி, யாருடைய நம்பர், ராத்திரி என்றால் யார் எழும்புவார், ரோடு வரை தூக்க யார் நாலு பேர் என்று பேசி வையுங்கள். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2016 இல் தொடங்கியபோது மேல், தென் மாகாணங்களில் மட்டும் ஓடியது, இப்போது மலைநாட்டிலும் ஓடுகிறது. ஆனால் அம்புலன்ஸ் லயத்து வாசலுக்கு ஏறாது. எந்தச் சந்தியில் நிற்பது என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். மண்சரிவு காலத்தில் நாள் கிட்டியிருந்தால், டவுன் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் போய் இருங்கள். அல்லது முன்கூட்டியே வார்டில் சேர்க்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

பேர் போய்விடும் என்ற கவலையைச் சொன்னோம். அது சின்னக் கவலை இல்லை, அடுப்பு எரிகிற காரியம். ஆனால் சட்டத்தில் உங்களுக்கு உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்திருந்தால் பிரசவச் சகாயம் உண்டு. உயிரோடு பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான் இருந்தது, 2018 திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. அதில் இரண்டு கிழமை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். நம்ம தாய்மார் கடைசி நாள் வரை மலையில் நின்று, எல்லா நாளையும் பின்னால் சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்காரி அப்படிச் செய்வது எங்களுக்குச் சம்மதமில்லை.

இனி வார்டுக்குள் போவோம். மொழி தெரியாமல் வாய் மூடிக் கிடப்பது நம்ம தாய்மாருக்கு ஒரு பெரிய கஷ்டம். வலி கண்டவளால் அகராதி பார்க்க முடியாது, அதனால் நாலு சொல்லை இப்போதே பழகுங்கள். "தெவெனி பபா" என்றால் இரண்டாவது பிள்ளை. வாசலிலேயே இதைச் சொன்னால் அவசரம் விளங்கிவிடும். "ரிதெனவா" வலிக்கிறது, "வத்துர கியா" தண்ணீர் போய்விட்டது, "லே யனவா" இரத்தம் போகிறது. அவர்கள் "முக்கன்ன" என்றால் நம்ம முக்குவதேதான், சொல் பார்த்தீர்களா, எவ்வளவு கிட்ட இருக்கிறது! பதிவு அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள். வாயால் சொல்ல முடியாததை அட்டை சொல்லும்.

வலி வரும்போது மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மிஸ்ஸிமார் விட்டால் நடங்கள், கட்டிலைப் பிடித்து முன்னால் சாயுங்கள், இடப்பக்கம் சரிந்து படுங்கள். வலி ஏறும்போது மூச்சை அடக்காமல் வாயால் மெதுவாக ஊதி விடுங்கள். முக்க வேண்டும் போல வந்தால் உடனே சொல்லுங்கள், தலைப்பிள்ளைக்காரி மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள், நேரம் மிகக் கொஞ்சம். ஆனால் வாய் முழுதாகத் திறக்காமல் முக்கக் கூடாது. அந்த நேரம் நாய் இளைப்பது போல சின்னச் சின்ன மூச்சு விடுங்கள், உந்துதல் தணியும். வலியைச் சுருக்க வீட்டிலேயே கசாயமும் விளக்கெண்ணெயும் குடித்துவிட்டு வருவது வேண்டவே வேண்டாம். கத்தினால் மரியாதை போய்விடும் என்று பல்லைக் கடிப்பதும் வேண்டாம். கூட ஒரு பெண் துணை நிற்க விடும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள்.

பிள்ளை பிறந்ததும் தொடையில் ஒரு ஊசி போடுவார்கள். கர்ப்பப்பை சுருங்கி இரத்தப் பெருக்கு வராமல் தடுக்கத்தான் அது, பயப்பட வேண்டாம். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அடிவயிற்று வலி முன்னையவிடக் கூடுதலாக இருக்கும். பால் கொடுக்கும்போது இழுத்துப் பிடிக்கும். கர்ப்பப்பை பழைய நிலைக்குப் போகிற வலி அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். இரத்தம் கட்டி கட்டியாகப் போனால், ஒரு மணித்தியாலத்திலேயே துணி முழுதாக நனைந்தால், மயக்கம் வந்தால், அது சாதாரண வலி இல்லை, உடனே சொல்லுங்கள்.

இரத்தம் என்றதும் தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இரத்தக் குறைவுள்ள தாய்க்குப் பிரசவத்தில் சிறிய இரத்தப் போக்கும் தாங்காது. ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்து, சீக்கிரமே அடுத்ததைச் சுமப்பவளுக்கு இரத்தம் ஊற நேரமே இல்லை. கிளினிக்கில் இரும்புச் சத்துக் குளிசை தருகிறார்கள். அதை விழுங்கிவிட்டுக் கையோடு ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேராது. நாம் பறிக்கிற கொழுந்தே நம்ம குளிசையைக் கெடுக்கிறது! குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். திரிபோஷவை மூத்த பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் பங்கு வைக்காமல் தாய் சாப்பிட வேண்டும். பங்கு வைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

தாயின் இரத்த வகை நெகட்டிவ் என்றால் இரண்டாவது பிள்ளையில் கூடுதல் கவனம் வேண்டும், அட்டையில் பாருங்கள். முதல் பிள்ளை ஒப்பரேஷனில் பிறந்திருந்தால் அடுத்ததைச் சுகமாகப் பெறவே முடியாது என்றில்லை. அதை டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரசவம் தியேட்டர் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், வலி தொடங்கியதுமே அங்கே போக வேண்டும். மூத்த பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது போன பிறகு அடுத்தது தரித்தால் இந்தக் கஷ்டங்களில் பாதி வராது. அது புருஷன்மாரும் சேர்ந்து எடுக்கிற முடிவு. வாசல் பக்கம் சிரிக்கிறீர்கள், கிளினிக்குக்கு இரண்டு பேருமாக வந்து கேளுங்கள்.

போன கூட்டத்தில் ஒரு தாய் கேட்ட கேள்வி ஒன்று மீதி இருக்கிறது: "நான் ஆஸ்பத்திரியில கெடந்தா மூத்தவள யாரு பார்க்கிறது?" நிறையப் பேர் வீட்டை விட்டுக் கிளம்பாமல் தாமதிப்பது உண்மையில் இதனால்தான். ஆயம்மாவோடு பேசியிருக்கிறோம். பகலில் பிள்ளைக் காம்பராவில் விடலாம், ராத்திரிக்கு யார் என்பதை இப்போதே ஒரு ஆளைப் பிடித்துச் சொல்லி வையுங்கள். அந்த ஆளோடு இரண்டு, மூன்று ராத்திரி முன்னாலேயே படுத்துப் பழகட்டும். நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு, சின்னதுக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு தடவை நேரம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா உள்ள தோட்டத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம். ஆகவே சின்னதின் பெயரையும் ஆயம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கொப்பி மேசையில் இருக்கிறது.