புதிய கப்பல்களின் எரிபொருட் சிக்கனம்: கணக்கும் சரிபார்ப்பும்

(பொன்முடியில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

பொன்முடி அமைந்துள்ள இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திற்கு 2025 ஜூன் மாதத்தில் எம்.எஸ்.சி. ஐரினா என்னும் கப்பல் வந்து சேர்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். இருபதடிப் பெட்டிகளாகக் கணக்கிட்டால் 24,346 பெட்டிகளை ஏற்ற வல்லது. இத்தகைய கப்பலொன்று எவ்வளவு எண்ணெயை எரிக்கிறது, எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்ற வினா பொறியியலாருக்கு மட்டும் உரியதன்று. 2018ஆம் ஆண்டில் உலகில் மனிதர் செயலால் உண்டான பசுங்குடில் வாயுக்களில் 2.89 விழுக்காடு கப்பல் போக்குவரத்தினால் விளைந்தது எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஆய்வு கண்டுள்ளது.

இவ்வமைப்பு 2011 ஜூலையில் புதிய கப்பல்களுக்கான ஆற்றல் திறன் வடிவமைப்புக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. 2013 ஜனவரி முதல் நாள் விதி நடைமுறைக்கு வந்தது. அம்முடிவு ஒருமனதாக அன்றி வாக்கெடுப்பின் வழியே எடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. வளரும் நாடுகளின் பொறுப்பு வேறு, வளர்ந்த நாடுகளின் பொறுப்பு வேறு என்ற கொள்கை ஒருபுறம். எந்த நாட்டுக் கொடியாயினும் ஒரே விதி என்ற கடல்துறை மரபு மறுபுறம். முந்தைய வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் கப்பல் ஒன்று தன் கொடியை எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடியது. விதி கொடிக்குக் கொடி வேறுபட்டால் கப்பல்கள் யாவும் மென்மையான விதியுள்ள கொடியை நாடிச் சென்றுவிடும்.

குறியீட்டின் கணக்கு எளியது. ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டு செல்ல எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்பதே அது. கொச்சிக் கப்பல் கட்டும் தளம் 1981இல் ஒப்படைத்த அதன் முதற் கப்பலான ராணி பத்மினி சுமார் 75,000 டன் சுமைத்திறன் கொண்டது. அதே அளவுள்ள மொத்தச் சரக்குக் கப்பல் ஒன்றைக் கட்ட 2024இல் ஒப்பந்தம் ஆனதாகக் கொள்வோம். கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் பொறித்திறன் 7,000 கிலோவாட். ஒரு கிலோவாட் மணிக்கு 170 கிராம் எண்ணெய். ஒரு கிராம் கனரக எண்ணெய்க்கு 3.114 கிராம் கரியமில வாயு; வேகம் மணிக்கு 14 கடல் மைல். துணைப் பொறிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் விடை 3.53 கிராம். 1999 முதல் 2008 வரை கட்டப்பட்ட கப்பல்களைக் கொண்டு வகுத்த அடிப்படைக் கோட்டின்படி இவ்வளவு பெரிய கப்பலுக்குரிய அளவு ஏறத்தாழ 4.55. அதிலிருந்து 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது 2024 முடிய ஒப்பந்தமான இத்தகைய கப்பல்களுக்கு இருந்த இரண்டாம் கட்ட விதி. அதாவது வரம்பு 3.64. கப்பல் தேறிவிடுகிறது.

ஆனால் வெள்ளோட்டத்தில் அதே திறனுக்கு 14க்குப் பதில் 13.5 கடல் மைல் வேகமே கிட்டினால்? விடை 3.66 ஆகிவிடும், கப்பல் தேறாது. அரைக் கடல் மைல் வேகத்தில் பல கோடி ரூபாய் முதலீட்டின் தகுதி அடங்கியிருக்கிறது. ஒரு சாதாரண நீரோட்டமே கப்பலின் வேகத்தை இவ்வளவு மாற்றிக் காட்டவல்லது. ஆகவேதான் சரிபார்ப்பு என்பது வெறும் கோப்பு வேலையன்று.

சரிபார்ப்பு இரு நிலைகளில் நடைபெறுகிறது. முதலாவது வடிவமைப்பு நிலை. கப்பலின் சிறு மாதிரியை நீண்ட நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்து, வேகத்திற்கும் திறனுக்குமுள்ள தொடர்பைக் கணிக்கின்றனர்; சரிபார்ப்பவர் உடனிருந்து காண்கிறார். அடுத்தது வெள்ளோட்டம். கப்பலை ஒரே தடத்தில் போகவும் வரவும் ஓட்டி, நீரோட்டத்தின் பாதிப்பை நீக்குகின்றனர். காற்று, அலை, நீரின் ஆழம், வெப்பம் ஆகியவற்றுக்கும் பன்னாட்டுத் தர விதியின்படி திருத்தம் செய்யப்படுகிறது. பொறியின் எண்ணெய்ச் செலவோ பொறித் தொழிற்சாலையிலேயே முன்னதாக அளக்கப்பட்டிருக்கும்.

இங்கு ஒரு நலிவு உண்டு. மொத்தச் சரக்குக் கப்பலின் வெள்ளோட்டத்திற்கு 75,000 டன் நிலக்கரியைக் கடன் கேட்க முடியாது. எனவே நிலைநீர் மட்டும் ஏற்றி, இலேசான நிலையில் ஓட்டுகின்றனர். நிறைசுமையில் என்ன வேகம் வரும் என்பதை மாதிரிச் சோதனையின் துணைகொண்டு கணக்கால் பெறுகின்றனர். சமதரைச் சாலையில் காலியாக ஓடிய பேருந்தின் எண்ணெய்ச் செலவை வைத்து, பயணிகள் நிறைந்து பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது ஆகும் செலவைச் சொல்வது போன்றது இது. சொல்லலாம், ஆனால் இடையிலுள்ள கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். மாதிரிச் சோதனை பிழையானால், வெள்ளோட்டம் எவ்வளவு கவனமாக நடந்தாலும் சான்றிதழ் பிழையே.

வேறோர் ஆபத்தும் உண்டு. குறியீட்டைக் குறைக்க மிக எளிய வழி சிறிய பொறியைப் பொருத்துவதே. வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் வேண்டிய திறன் அதைவிட அதிக விகிதத்தில் குறையும். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் கரையை நோக்கித் தள்ளப்படும் கப்பலுக்குத் திசை திரும்பத் திறன் வேண்டுமே! இதனை உணர்ந்தே 2013இல் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் குறைந்தபட்சப் பொறித்திறன் பற்றிய இடைக்கால நெறிகள் வகுக்கப்பட்டன. சிக்கனமும் மாலுமிகளின் உயிரும் ஒரே தராசில் நிற்கும் இவ்விடத்தில் தாராளம் காட்டுவதே முறை.

இந்தியாவில் சான்றளிக்கும் அதிகாரம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தைச் சார்ந்தது. அவ்வதிகாரத்தின் பேரில் கப்பலைப் பார்வையிடுபவை இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற வகைப்படுத்தும் சங்கங்கள். 1975இல் தொடங்கப்பட்ட பதிவகம் 2010இல் பன்னாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பில் முழு உறுப்பினர் ஆயிற்று. சரிபார்க்கும் சங்கத்திற்குக் கட்டணம் தருபவர் கப்பலைக் கட்டுபவர் அல்லது உடைமையாளரே. தணிக்கையாளருக்கும் நிறுவனத்திற்கும் உள்ள உறவைப் போன்றே இதுவும் அரசின் கண்காணிப்பை வேண்டி நிற்கிறது.

மாதிரிச் சோதனைத் தொட்டிகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்திலும், கரக்பூர், சென்னை ஐ.ஐ.டி.களிலும் அவை உள்ளன. 2025 அக்டோபரில் சி.எம்.ஏ. சி.ஜி.எம். என்னும் பிரெஞ்சு நிறுவனம், திரவ இயற்கை வாயுவில் இயங்கும் ஆறு கொள்கலக் கப்பல்களுக்காகக் கொச்சித் தளத்துடன் விருப்பக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டது. இயற்கை வாயுவுக்குரிய கரியமில வாயுக் காரணி 2.750 மட்டுமே என்பதால் குறியீடு இயல்பாகவே குறைந்து காட்டும். ஆயினும் எரியாமல் நழுவும் மீத்தேன் இக்குறியீட்டில் இடம்பெறுவதில்லை.

சான்றிதழ் கப்பல் பிறக்கும் நாளில் வழங்கப்படுகிறது. கப்பலோ இருபத்தைந்து ஆண்டுகள் ஓடுகிறது. 5,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கப்பல்கள் 2019 முதல் தம் ஆண்டு எண்ணெய்ச் செலவைக் கொடி நாட்டிற்கு அறிவித்து வருகின்றன. வெள்ளோட்ட நாளில் கண்ட எண்ணையும் இந்த ஆண்டுக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் வழக்கத்தை மும்பை இயக்ககத்தின் இளம் அலுவலர்கள் தொடங்குவார்களாயின், மாதிரிச் சோதனைகளில் எவை மெய், எவை மிகை என்பது சில ஆண்டுகளிலேயே புலப்படும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.