முதியோர் இல்லத்தில் நாம் பார்க்க வேண்டியவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமுமாகக் களித்திருக்க வேண்டிய நன்னாளில் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் எண்ணக்கூடும். தலைப்பைக் கேட்டவுடன் நம் காரியதரிசி அவர்களே சற்றுத் தயங்கினார். ஆயினும், ஊரில் தனித்திருந்த தாயையோ தந்தையையோ இத்தலைநகருக்கு அழைத்து வந்து, சில ஆண்டுகள் உடன் வைத்திருந்து, அவர் படுக்கையில் வீழ்ந்த பின் வீட்டில் வைத்துப் பார்க்க இயலாமல் பணம் கட்டி ஓர் இல்லத்தில் சேர்த்தவர்கள் இந்தக் காலனியிலேயே உண்டு. சேர்க்கலாமா கூடாதா என்ற வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. அவ்வாதத்தில் உரக்கப் பேசுவோர் பெரும்பாலும் படுக்கையில் கிடப்பவரை ஒரு நாளும் குளிப்பாட்டியறியாதவர்கள். சேர்த்தாயிற்று; அங்கே அவர் நன்றாகப் பேணப்படுகிறாரா என்பதை எப்படி அறிவது? இஃதொன்றே இன்று என் பொருள்.

அதற்குத்தான் அரசு அதிகாரிகள் இருக்கிறார்களே என்பீர்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் 60 வயது கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற கணக்கில், 150 பேராவது தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. அது வறிய முதியோருக்கானது. நாம் பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் இல்லங்களுக்கு நாடு முழுவதற்குமான பதிவு முறையோ தர அளவோ அச்சட்டத்தில் இல்லை. எந்த மாவட்டத்தில் எத்தனை இல்லங்கள் உள்ளன என்ற விவரத்தைத் திரட்டும்படி 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது என்றால், எண்ணிக்கையே கைவசம் இல்லாத நிலையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. அது சட்டமாகாமலே 2024-இல் அந்த அவையோடு காலாவதியாயிற்று. இங்கிலாந்திலோ இத்தகைய இல்லங்களைச் சோதிக்கவென்றே ஓர் ஆணையம் உண்டு. அதன் சோதனையாளர்கள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே சென்று நான்கு தரங்களுள் ஒன்றை வழங்குவார்கள். அதை இல்லத்தார் வருவோர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். இங்கே அந்தச் சோதனையாளர் மகனும் மகளும் மருமகளும்தாம்.

சோதிப்பது எப்படி என்பதற்கு ஒரு பெரியவரைச் சொல்வேன். பீட்டர் டவுன்ஸெண்டு என்ற ஆங்கிலச் சமூகவியல் அறிஞர், 1950-களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களை நேரில் சென்று பார்த்து, 1962-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் மேலாளரின் அறையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பவில்லை. ஓர் இல்லத்தில் குளியலறை உதவியாளராகவே வேலை பார்த்தார். முதியவரின் நிலையைக் குளியலறை சொல்வது போல வரவேற்பறை சொல்லாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்மவர்கள் என்ன செய்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போகிறோம். அம்மாவுக்குத் தலைவாரிப் பொட்டிட்டு நாற்காலியில் அமர்த்தியிருக்கிறார்கள். பளிங்குத் தரையையும் தோட்டத்தையும் பார்த்து மகிழ்ந்து, ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு வருகிறோம். பல்லில்லாத வாய்க்கு ஆப்பிள்!

வேறு வேளைகளில் போங்கள். காலை ஆறரை மணிக்கு ஒரு முறை, இரவு உணவு வேளையில் ஒரு முறை. அந்த நேரத்தில் உள்ளே விட மாட்டோம் என்பார்களானால், அம்மறுப்பே உங்களுக்குக் கிடைத்த முதல் செய்தி. இரவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதியோர் பலர் விழுவது இரவில் தனியே கழிப்பறைக்குப் போகையில்தான். அழைப்பு மணியை நீங்களே அடித்து, யாரேனும் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருங்கள்.

அடுத்து, தோலைப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருப்பினும் இதுவே முதன்மையானது. அசையாமல் கிடப்பவரை வழக்கமாக இரண்டு மணிக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் எலும்பு அழுத்தும் இடங்களில், முதுகுத் தண்டின் அடி, இடுப்பு, குதிகால், முழங்கை ஆகியவற்றில், படுக்கைப் புண் தோன்றும். தொடக்கத்தில் அது புண்ணாகவே தெரியாது. சிவந்த திட்டாக இருக்கும். விரலால் அழுத்தினால் நல்ல தோல் வெளுத்து மீளும்; கேடு தொடங்கிய இடம் வெளுக்காது. நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்புக் கண்ணுக்குப் புலப்படாமற் போகலாம். அப்போது சுற்றிலுமுள்ள தோலைவிட அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டறிய வேண்டும். இதை விட்டுவிட்டால் சில நாட்களிலேயே குழி விழுந்து எலும்பு தெரியும் அளவுக்கும் போகக்கூடும். தாயாரை மகளோ மருமகளோ பார்க்கட்டும்; நர்ஸைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு பார்க்கட்டும். "நேற்றுத்தான் பார்த்தோம், ஒன்றுமில்லை" என்ற வாய்மொழியை மட்டும் ஏற்காதீர்கள்.

எடையை மாதந்தோறும் கேட்டு எழுதி வையுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும். தட்டில் வைத்த ரொட்டி தட்டிலேயே திரும்பியிருக்கலாம். அதைப் பதிவேட்டில் "உணவு கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருப்பார்கள். கொடுத்தது வேறு, உண்டது வேறு. ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்கிறார்களா, உண்ட பின் அரை மணியாவது சாய்க்காமல் வைக்கிறார்களா என்பதையும் பாருங்கள்; கவளம் மூச்சுக்குழலில் இறங்கிச் சளிக்காய்ச்சல் காண்பது முதுமையில் எளிது. பதிவேட்டைப் புரட்டினால், ஏழு நாள் வரிகளும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியவையாக இருக்கின்றனவா என்று நோக்குங்கள். கட்டிலின் கம்பியில் துணி முடிச்சு, மணிக்கட்டில் தழும்பு, பகலெல்லாம் அரைமயக்கம் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும், கட்டிப்போடுகிறார்களா, யார் சொல்லித் தூக்க மருந்து தருகிறார்கள் என்று அன்றே கேட்டாக வேண்டும்.

இவ்வூர்க் குளிரும் நம் பெரியவர்களுக்குப் பகை. தை மாதத்தில் கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வயிற்றைத் தொடுங்கள். அது குளிர்ந்திருந்தால் ஆபத்து. காலில் உணர்ச்சி மரத்த நீரிழிவுக்காரருக்கு வெந்நீர்ப்பை வைத்தால், சுட்டது அவருக்கே தெரியாது.

இதுவரை சொன்னவை எந்த மொழியினருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமக்கே உரியது.

என் நண்பர் ஒருவரின் தாயார், எண்பது கடந்தவர், நகர்ப்புறத்து இல்லம் ஒன்றில் இருந்தார். பெயர் வேண்டாம். நாற்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசியவர். மறதி நோய் முற்றியதும் இந்தி அவரைவிட்டு அகன்றது. தமிழ் மட்டுமே எஞ்சியது. பின்னால் கற்ற மொழி முன்னால் உதிர்வதை இந்நோயில் பலரிடம் காணலாம். நாங்கள் இருவரும் பார்க்கப் போன ஒரு மாலையில், உதவியாளப் பெண் சிரித்துக் கொண்டே, "உங்கள் அம்மாவுக்குக் காந்திஜியிடம் எவ்வளவு பக்தி! மூன்று நாளாக அவர் பெயரையே சொல்லிக் கொண்டிருக்கிறார்" என்றாள். அம்மையார் சொல்லிக் கொண்டிருந்தது "காந்துது, காந்துது" என்பது. சிறுநீர்த் தாரையில் நோய்த்தொற்று; அதற்குள் காய்ச்சலும் பிதற்றலும் வந்துவிட்டன. அந்தப் பெண் நல்லவள், அன்போடு தொட்டுப் பேசுகிறவள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அங்கே ஒரு கேரளத்து நர்ஸ் இருந்திருந்தால் பாதியாவது புரிந்திருக்கும். அவர் அந்த வாரம் விடுப்பிலிருந்தார்.

இவ்விதம் ஒரு நோயாளி மூன்று நாள் உரக்கச் சொல்லியும் ஒருவர் காதிலும் விழாதிருப்பதை எந்தச் சோதனைப் படிவமும் பிடிக்காது. தோல் நன்றாயிருக்கும், எடை சரியாயிருக்கும், பதிவேடு ஒழுங்காயிருக்கும். "வேண்டாம்" என்பதும் "போதும்" என்பதும் "மூச்சு முட்டுது" என்பதும் வெறும் ஓசையாகிவிடும். ஆகவே சேர்க்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, பகலிலோ இரவிலோ தமிழ் அறிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதே. இல்லையெனில், வலியை முகச் சுளிப்பாலும் முனகலாலும் கையை விலக்குவதாலும் கண்டறிய அவர்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.

குறை கண்டால் சொல்லத் தயங்குகிறோம்; நாம் வெளியேறிய பின் அம்மாவிடம் கடுமை காட்டிவிடுவார்களோ என்ற அச்சம். அச்சம் நியாயமானதே. அதனால்தான் தனியாள் தனியே சொல்வதைவிட, தேதியிட்டு எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவது நல்லது. பலர் வந்து போகும் நோயாளியிடம் கடுமை காட்டவும் எவரும் துணியார். தீங்கு கண்கூடாயின் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது. அடித்த காயமாயின் காவல் நிலையமே வழி.

நம் சங்கம் செய்யக்கூடியது இரண்டு. நம் குடும்பத்து முதியோர் உள்ள இல்லங்களுக்கு, மாதம் இரு முறை, இரு பெண்களும் ஓர் ஆணுமாகச் சென்று ஒரு மணி நேரம் தமிழில் பேசிவிட்டு வருவது. கண்டதை அவ்வீட்டாருக்கு அன்றிரவே தொலைபேசியில் சொல்வது. மற்றொன்று, கட்டிலருகே தொங்கவிட ஓர் அட்டை: வலி, தாகம், குளிர், எரிச்சல், மயக்கம், மூச்சு, கழிப்பறை முதலிய இருபது சொற்களை நம் பாட்டிமார் சொல்லும் பேச்சு வழக்கிலேயே தேவநாகரி எழுத்தில் எழுதி, எதிரே இந்திப் பொருள். "காந்துது" அதில் முதல் வரியாக இருக்கட்டும். ஊருக்கு ஊர் சொல் மாறும் என்பதால், திருநெல்வேலியாரும் கோவையாரும் தஞ்சையாரும் தத்தம் வீட்டுச் சொற்களைச் சேர்க்க ஐந்து வரிகள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. மாதிரி அட்டைகள் வாயிலருகே உள்ள மேசைமேல் இருக்கின்றன. வருகைக் குழுவில் சேர விரும்புவோர் பெயரைக் குறித்துக் கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. முதல் வருகை வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, இரவு உணவு வேளையில்.