ஊர்ப்பெருமையும் பெயர் பொறிக்கப்படாத பெருமக்களும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'நம் ஊரும் நம் பெருமையும்' என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு பணித்தீர்கள். பொருளைக் கேட்டவுடன் நம் கவியரங்குகளே நினைவுக்கு வந்தன. ஊரைப் பாடவந்த பாவலர் பெரும்பாலோர் சித்தன்னவாசல் ஓவியத்தில் தொடங்கி, நார்த்தாமலையில் ஏறி இறங்கி, தொண்டைமான் அரண்மனை வாயிலில் முடிக்கின்றனர். எதுகையும் சந்தமும் குறைவற அமைந்த பாடல்கள்தாம். எனினும் அவற்றுள் ஊரார் யாரையும் காண முடிவதில்லை. என் மாணவியர் எழுதும் கட்டுரைகளும் இவ்வாறே உள்ளன. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் காட்டிய வழியில் நடக்கிறார்கள்.

வியப்பு யாதெனில், நாம் பெருமைக்குச் சான்றாகக் காட்டும் கற்களே இவ்வாறு பேசவில்லை. நார்த்தாமலைக் கோயிலை விசயாலய சோழீச்சரம் என்கிறோம். பெயரில் வேந்தன் இருக்கிறான். ஆனால் அக்கோயிலில் உள்ள கல்வெட்டு கூறும் செய்தி வேறு. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தது. மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதிரையன் அதனைப் புதுப்பித்தான். கட்டியவன் பெயர், இடிந்த காரணம், பழுதுபார்த்தவன் பெயர் ஆகிய மூன்றே அங்குள்ளன. சித்தன்னவாசலிலும் இதே கதைதான். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், அக்குடைவரையைச் செப்பனிட்டவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பதை அங்குள்ள கல்வெட்டு பாட்டாகவே சொல்கிறது. பாவலர்கள் இதனைக் கருதவேண்டும். பழுதுபார்த்த செய்தியும் பாட்டுக்குப் பொருளாகலாம் என்று அக்காலப் புலவர் ஒருவர் எண்ணியிருக்கிறார். நார்த்தாமலை என்னும் பெயரே நகரத்தார்மலை என்பதன் திரிபு என்பர். அதுவும் அரசர் பெயரன்று, வணிகர் பெயர். புதுக்கோட்டை அரசு 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அதனைப் பாவலர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் புரட்டிப் பார்ப்பது நன்று.

குளத்தூர் என்னும் பெயருக்கு வருவோம். ரகுநாதராய தொண்டைமானின் தம்பி நமனத் தொண்டைமான் வழியினர் ஆண்ட குளத்தூர்ப் பாளையம் 18ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டையுடன் இணைந்தது. அது வரலாறு, அம்மட்டில் நிற்கட்டும். பாளையம் போயிற்று, குளம் பெயரில் நிற்கிறது. நம்முடையது வானம் பார்த்த பூமி. ஏரியும் கண்மாயும் ஊருணியும் இல்லையேல் இங்கு ஊரே இல்லை. பழைய ஏரிகளின் உட்பகுதியில் இரு கற்றூண்கள் நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதுவே குமிழித்தூம்பு. தூண்களுக்குக் கீழே கல்தொட்டி. அதன் மேற்புறத்தில் நீரோடு துளை, அடிப்புறத்தில் சேறோடு துளைகள். மூடியிருக்கும் கல்லைத் தூக்கினால் நீர் குமிழியிட்டு உள்ளிறங்கி, கரைக்கு அடியில் ஓடி வயலுக்குச் சேரும். அடியில் படியும் வண்டலும் உடன் வெளியேறும். ஏரி நிறைந்திருக்கும்போது ஒருவர் நீந்திச் சென்று, மூழ்கி, அக்கல்லைத் தூக்கியாக வேண்டும். தூம்பு செய்து கொடுத்தவர் பெயர் பொறித்த தூம்புக் கல்வெட்டுகள் நம் மாவட்டத்தில் கிடைத்துள்ளன. ஆண்டுதோறும் மூழ்கியவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. நான் இன்று பேச வந்தது அத்தகையோரைப் பற்றியே.

அந்த வரிசையில் மிக அண்மையில் வந்தவர்கள் நம் தாய்மார்கள். 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்துடன் மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அதில் தனி ஆர்வம் காட்டினார். மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்வோர், அங்கன்வாடிப் பணியாளர், செயற்கை மணிக்கல்லுக்குப் பட்டை தீட்டுவோர் எனப் பலரும் கற்றனர். ஆண்கள் ஓட்டும் வண்டியையே விரும்பி எடுத்தவர் பலர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் அல்லவா! தண்ணீர்க் குடமும் விளைபொருளும் பிள்ளையும் ஒரே வண்டியில் சென்றன. பேருந்து வரும்வரையோ, கணவரோ தமையனோ அழைத்துச் செல்லும்வரையோ காத்திருக்கும் நிலை மாறியது. ஏச்சும் ஏளனமும் இல்லாமல் இல்லை. அவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள்.

1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள், கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலிக்கப் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி சென்றனர். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் நேர்த்தெருக்களாகத் திருத்தியமைக்கப்பட்ட நகரம் அது. 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அரசர் பவனி கண்ட அந்நகரம் கண்ட பெரும்பவனிகளுள் இதனையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பது என் துணிபு.

பாவலர் அவையில் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. அப்பெண்களைக் கூட்டியவற்றுள் ஒரு பாட்டும் உண்டு. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாட்டு அது. இலக்கணத் தராசில் நிறுத்தி அதனை நாம் ஒதுக்கிவிடக்கூடும். ஒதுக்கலாம். ஆனால் நம் பத்தாண்டுக் கவியரங்கப் பாடல்களுள் எதனை ஒரு பெண் வேலைக்குப் போகும் வழியில் பாடினாள் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. இந்நிகழ்ச்சியை இதழாளர் பி. சாய்நாத் எழுதினார்; 1996இல் வெளிவந்த அவரது நூலின்வழி உலகம் அறிந்தது. அறிவொளி இயக்கத்தை ஆராய்ந்து பிரான்சிஸ் கோடி என்னும் அறிஞர் 2013இல் தனி நூலே வெளியிட்டார். இரண்டும் ஆங்கிலம். நம் ஆண்டு மலர்களில் இதுபற்றி ஒரு பக்கமும் இல்லை.

அன்று முப்பது வயதில் மிதிவண்டி கற்றவர்க்கு இன்று அறுபதுக்கு மேலாகிறது. காலம் காத்திருக்காது. ஆகவே இவ்வவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த கவியரங்கை ஓராண்டு தள்ளிவைப்போம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரிலோ தெருவிலோ மிதிவண்டி கற்ற ஒரு தாயாரைக் கண்டு, அவர் இசைந்தால், அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதிவரட்டும். எந்தத் திடலில் கற்றார், யாருடைய வண்டி, வாடகை எவ்வளவு, முதன்முதலில் தனியே எங்கே சென்றார், வீட்டார் என்ன சொன்னார்கள், எந்தப் பாட்டைப் பாடினார் என்பனவற்றைக் கேட்டால் போதும். நடையைத் திருத்தவேண்டா. பதினோராம் ஆண்டு மலர் அவர்கள் பெயர்களோடு வெளிவரட்டும். கீரனூரிலும் நார்த்தாமலையிலும் இப்பணியைத் தொடங்க என் மாணவியர் பன்னிருவர் இசைந்துள்ளனர். ஏனைய ஊர்களுக்குப் பொறுப்பேற்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தரலாம்.