செக் எஞ்சின் லைட் எரிஞ்சா, முதல்ல பார்ட் வாங்காதீங்க

நான் ஒரு கார் வொர்க்‌ஷாப் நடத்துறேன். அடிக்கடி என்கிட்ட வர்ற கேள்வி: "செக் எஞ்சின் லைட் எரியுது, சென்சாரை மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?" மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "அண்ணே, அதுதான் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கடந்த பத்து வருஷத்துல வந்த பெட்ரோல் கார்கள்ல, ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் இருக்கிற ஓபிடி சாக்கெட் ஒண்ணு இருக்கும். அதுல ஸ்கேனரை மாட்டினா எரர் கோட் வரும். அந்தக் கோட் எங்கே தேடணும்னுதான் சொல்லும், எதை வாங்கணும்னு சொல்லாது. தெர்மாமீட்டர் காய்ச்சல்னு சொல்லும்; டெங்குவா, சாதாரண சளியான்னு சொல்லாது இல்லையா, அது மாதிரி.

உதாரணத்துக்கு, பி0302. இரண்டாவது சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறும், பிக்கப் இருக்காது. பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவா வேணா இருக்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டின்னா செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கு. எஞ்சினை ஆஃப் பண்ணி ஆறவிட்டு, இரண்டாவது காயிலை மூணாவதுலயும், மூணாவதை இரண்டாவதுலயும் மாட்டச் சொல்லுங்க. கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாருங்க. இப்போ பி0303 வந்தா, பிரச்சினை காயிலோடயே நகர்ந்துடுச்சு. காயில் வாங்கலாம். மறுபடியும் பி0302-ன்னா காயில் மேல தப்பில்லை. அடுத்து பிளக்கை இதே மாதிரி மாத்திப் பார்க்கணும்.

இன்னொண்ணு பி0171. கலவையில காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. உடனே ஆக்சிஜன் சென்சார் மேல பழி விழும். பல நேரம் அது சேதி சொன்ன ஆள்தான், குற்றவாளி இல்லை. ஸ்கேனர்லயே ஃபியூயல் டிரிம் பாருங்க. ஐடிலிங்ல பிளஸ் 20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்ல 5-க்குக் கீழே இறங்கினா, பெரும்பாலும் எங்கேயோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சு காற்றை இழுக்குது. வேகமும் லோடும் கூடக் கூட டிரிம்மும் ஏறினா, ஃபியூயல் பம்ப், ஃபில்டர், இல்ல காற்றை அளக்குற சென்சார் பக்கம் பார்க்கணும்.

ரெண்டு எச்சரிக்கை. கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. அழிச்சா, பிரச்சினை வந்த நேரத்து வேகம், டெம்பரேச்சர் விவரமும் சேர்ந்து போயிடும். அந்த லைட் கண் சிமிட்டுற மாதிரி எரிஞ்சா, பாதுகாப்பான இடத்துல ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அதையும் சூடாக்கிக் கெடுத்துடும். அது பெரிய செலவு.

கடைசியா, என் தொழில் பக்கத்து உண்மை. பார்ட்டுக்குக் காசு கொடுக்கத் தயங்காதவங்க, "அரை மணி நேரம் பார்த்ததுக்கா காசு?"ன்னு கேட்பாங்க. அதனாலதான் பல இடத்துல சோதிக்காமலே பார்ட்டை மாத்திடுறாங்க. சோதனைக்குக் கூலி கொடுங்க. என்ன சோதிச்சாங்கன்னு கேட்டு வாங்குங்க. பழைய பார்ட்டையும் கையில வாங்கிக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பேட்டரியா, ஆல்டர்னேட்டரான்னு கண்டுபிடிக்கிறது எப்படின்னு பார்க்கலாம்.