செலவழித்தால் பணம் முளைக்குமா?

(திருப்புட்குழியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இவ்வூர் விஜயராகவப் பெருமாள் கோயிலில், வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுத்து, காலையில் அது முளைத்திருந்தால் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் நம்பி வருவது உங்களுக்குத் தெரிந்ததே. வறுத்தது முளைக்காது என்று நாம் சொன்னால் நாஸ்திகர் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அப்படிச் சொல்லுகிற நாமே காஞ்சிபுரத்துப் பெரிய மளிகைக் கடைக்குப் போனால், செலவழித்த பணம் "பாயிண்டு"களாய் முளைக்கும் என்று போன் நம்பரைச் சொல்லுகிறோமா இல்லையா?

கணக்குப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்டு, ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 850 ரூபாய்க்குச் சாமான் எடுத்தவர், "ஆயிரமாக்கினால் பத்துப் பாயிண்டாயிற்றே" என்று வேண்டாத பிஸ்கோத்தும் சோப்பும் சேர்க்கிறார். கிடைத்தது 2 ரூபாய். போனது 150 ரூபாய். இதற்குப் பெயர் லாபமா?

இது புதிய வித்தையுமல்ல. 1896லேயே அமெரிக்காவில் சாமான் வாங்குவோருக்குப் பச்சை முத்திரைத்தாள் கொடுத்துப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னார்கள். 1995ல் இங்கிலாந்தின் டெஸ்கோ கடை அட்டை கொடுத்து, யார் எதை எப்போது வாங்குகிறார் என்பதையும் தெரிந்துகொண்டது. 2022ல் டாட்டா கம்பெனி "நியூகாயின்" என்று கொண்டுவந்தது.

மனிதன் எப்படி மயங்குகிறான் என்பதற்கு 2006ல் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். அமெரிக்காவில் கார் கழுவுமிடத்தில் சிலருக்கு எட்டுக் கட்டமுள்ள அட்டையும், சிலருக்குப் பத்துக் கட்டத்தில் இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்திய அட்டையும் கொடுத்தார்கள். இருவருக்கும் பாக்கி எட்டே. ஆனால் முதல் அட்டையை முடித்தவர் நூற்றுக்கு 19 பேர். இரண்டாவதை முடித்தவர் 34 பேர்! சும்மா குத்திய இரண்டு முத்திரை செய்த வேலை இது.

அர்ச்சகர் தட்சணையை இன்று வாங்கிக்கொண்டு புண்ணியத்தை மறுமையில் என்கிறார். கடைக்காரர் ரொக்கத்தை இன்று வாங்கிக்கொண்டு பாயிண்டை நாளை என்கிறார். தவணை தப்பினால் அதுவும் இல்லை. புண்ணியத்தை எண்ணிப் பார்க்க முடியாது, பாயிண்டை எண்ணலாமே! எண்ணாமல் ஏமாறுவதற்கு என்ன சமாதானம்?

இதற்கு இங்கிலீஷில் "விசுவாசத்திற்கு வெகுமதி" என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தோழர்களே! காசு கொடுப்பவர் நாம். விசுவாசமும் நாமே காட்டவேண்டுமாம்! சுயமரியாதை உள்ளவர்கள் ஒப்பலாமா?

பாயிண்டைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்துக் கடை விலையையும் விசாரியுங்கள். அதற்குமேல் தானாய் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தறியில் உட்கார்ந்து நெய்த கூலியை ஒரு முத்திரைக்காக இறைக்காதீர்கள்.

இதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். போன மாத ரசீதை எடுத்து, பாயிண்டுக்காகவே வாங்கியது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்குப் பட்டபடி செய்யுங்கள்.