துரைமார் கிளப்பின் கதவு



சிங்கப்பூரில், உயர்ந்த தூண்களுடன் 1928இல் திறக்கப்பட்டது ஃபுல்லர்ட்டன் கட்டடம். அங்கே பெரிய தபால் நிலையம் இருந்த காலத்தில், கடுதாசி போட எவரும் உள்ளே போனார்கள். 2001இல் அது தனியார் ஹோட்டலாயிற்று.

நம் மலாக்காவில் கதை நேர்மாறு. பண்டார் ஹிலிரில் 1912இல் எழுந்த கட்டடம் துரைமார்களின் கிளப். பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாருக்கு அதில் இடமில்லை. அதன் எதிரேயுள்ள திடலில்தான் துங்கு அப்துல் ரஹ்மான் 1956 பிப்ரவரி 20ஆம் நாள் சுதந்திரத் தேதியை அறிவித்தார். 1985 ஆகஸ்டு 31இல் அந்தக் கிளப் கட்டடமே சுதந்திரப் பிரகடன நினைவகமாகத் திறக்கப்பட்டது.

பழைய கட்டடத்தைக் கண்டால், அதன் கதவு யாருக்குத் திறந்தது என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அடுத்த விடுமுறையில் அழைத்துப்போய்க் காட்டுவோம்.